பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் இடம்: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் உங்களுக்கு மனிதவள அலுவலர் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரப்போகிறது. “எல்லோரையும் உள்ளடக்கிய பணிச்சூழல் என்று ஏதோ கேட்கிறார்கள், ஏற்பாடு செய்துவிடுங்கள்” என்று முதலாளி சொல்லியிருப்பார். கொள்கை அறிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்து, ஃபிரேம் போட்டு, வரவேற்பறையில் மாட்டத்தான் கை முதலில் பரபரக்கும். அதைக் கடைசியில் செய்துகொள்ளலாம்.

ஓர் ஆள் வேலையை விட்டுப் போவதற்குத் தையல் மெஷின் காரணமாக இருப்பது அபூர்வம். கேட்டில் எப்படி அழைத்தார்கள், கழிப்பறைக்குப் போக விட்டார்களா, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், சம்பளக் கணக்கு புரிந்ததா, யார் திட்டினார்கள், இரவில் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பவைதான் காரணங்கள். ஒரு தொழிலாளியின் நாள் முழுவதையும் பார்க்கத் தெரிந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. கீழே சொல்லியிருப்பவற்றை அந்த வரிசையிலேயே செய்யுங்கள் என்பது என் யோசனை.

முதல் வாரம்: பேச வேண்டாம், பாருங்கள்

கூட்டம் போடாதீர்கள், கேள்வித்தாள் கொடுக்காதீர்கள். வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஆளிடம் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். எட்டரை மணி ஷிப்டுக்கு எட்டு மணிக்கே கேட் பக்கம் போய் நில்லுங்கள். வாட்ச்மேன் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று காதில் வாங்குங்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசருக்கு ‘வணக்கம் சார்’, உள்ளூர் டைலருக்கு ‘வாங்க அக்கா’, ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு ‘ஏய், ஜல்தி’. மூன்று நிமிடத்தில் கம்பெனியின் படிநிலை மொத்தமும் தெரிந்துவிடும். மாலையில் பை சோதனை நடக்கும்போது பெண்களின் பையைத் திறந்து பார்ப்பது யார் என்பதையும் கவனியுங்கள்.

பிறகு கழிப்பறை. எத்தனை பெண்களுக்கு எத்தனை, எல்லாக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா, மதியத்துக்கு மேல் தண்ணீர் வருகிறதா. (ஆடிட்டுக்கு முந்தின நாள் மட்டும் சோப்பு முளைக்கும், அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) சில கம்பெனிகளில் கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும், ஒரு லைனுக்கு, அதாவது ஒரு மெஷின் வரிசைக்கு, ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் சூப்பர்வைசர் கையில். எழுத்தில் எங்கும் இல்லாத இந்த விதியின் விளைவைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. மதியம் ஒரு மணிக்கு ஓவர்லாக் தையல் லைன் வழியாக நடந்துபோய்ப் பெண்களின் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். காலையில் நிரப்பிய தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தால், போக முடியாது என்பதால் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று பொருள்.

செக்கிங் மேஜையில் எத்தனை பேர் நாள் முழுக்க நிற்கிறார்கள், சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள், துப்புரவு வேலை செய்யும் அம்மா எங்கே சாப்பிடுகிறார், டீ எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குவளையில் வருகிறதா, சனிக்கிழமை சம்பளத்தின்போது கணக்கில் சந்தேகம் கேட்கிறவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம்; இடம், நேரம், நடந்தது போதும். அந்த நோட்டை மேஜைமேல் விட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது: காசு கொடுத்தால் தீர்ந்துவிடுவதை உடனே தீர்த்துவிடுங்கள்

தாழ்ப்பாள், குப்பைத்தொட்டி, கழிப்பறை விளக்கு, செக்கிங் பகுதிக்கு உயரமான ஸ்டூல். இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு கன்டெய்னர் தாமதமானால் ஆகும் செலவுக்குப் பக்கத்தில் வராது. முதலாளியிடம் இதை அன்பு, பண்பு என்று பேசிப் புரியவைக்கத் தேவையில்லை. நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. கேரளத்தில் கோழிக்கோடு துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2018-இல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திக் கடை ஊழியர்களுக்கு இருக்கையைக் கட்டாயமாக்கியது. ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, ‘உட்கார்ந்தால் வேலை ஓடாது’ என்று சூப்பர்வைசர் முறைத்தால் ஸ்டூல்மேல் பீஸ் கட்டுதான் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஸ்டூல் வந்த அன்றே மேனேஜர் வாயால் எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். டோக்கனை எடுத்துவிடுங்கள். இது ஓர் ஆணையில் முடிகிற காரியம்.

இவற்றை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், அடுத்து வரும் வேலைகளுக்கு உங்கள் பேச்சில் நம்பிக்கை வேண்டும். தாழ்ப்பாள் போட்ட ஆள் என்று பெயர் எடுத்தால், பெரிய விஷயத்தோடும் உங்களிடம் வருவார்கள்.

மூன்றாவது: சாதி இங்கே இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள்

கம்பெனிகளில் சாதியைப் பற்றிக் கேட்டால் முதலில் கிடைக்கும் பதில், “நாங்கள் அதெல்லாம் பார்ப்பதே இல்லை” என்பதுதான். சொல்பவர் பொய் சொல்கிறார் என்றுகூட இல்லை. அவர் பார்க்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. புதிதாகச் சேர்ந்தவரிடம் “எந்த ஊர்?” என்று கேட்பது சாதாரண விசாரிப்பு. அடுத்து “ஊரில் எந்தப் பக்கம்?”, “எந்தக் கோயில் பக்கத்தில்?”, “குலதெய்வம் எது?” என்று கேள்வி நீண்டால் அது ஊரைப் பற்றிய விசாரிப்பு இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தப் பதிலுக்குப் பிறகு சாப்பாட்டுப் பாத்திரம் பகிர்வது நின்றுபோகிறது. யாரும் எதுவும் சொல்லாததால் புகார் கொடுக்கவும் வழியில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் சாதி கேட்கும் இடம் இருந்தால் நீக்கிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டீக் குவளை. கழுவுவது கேன்டீன் பொறுப்பு, குடித்தவர் பொறுப்பில்லை. துப்புரவுப் பணியாளருக்கும் சாப்பாட்டுக் கூடத்திலேயே இடம், அதே நேரத்தில் இடைவேளை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சாப்பிடும் வழக்கம் இருந்தால், ‘அவர்களே அப்படித்தான் விரும்புகிறார்கள்’ என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீங்களே ஒரு மதியம் அவரை அழைத்துக்கொண்டு போய்க் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுத்த நாளும் அப்படியே. எல்லோரையும் கலந்து உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். தோழிகள் சேர்ந்து சாப்பிடுவதில் தவறில்லை. ஒருவர் மட்டும் தொடர்ந்து தனியாக விடப்படுகிறாரா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஆள் எடுக்கும் விதம். அவசர ஆர்டர் வந்தால் சூப்பர்வைசர் தன் ஊரிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவருவார். அவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள், அவருடைய தெரு. இரண்டு ஆண்டுகளில் ஒரு லைன் முழுவதும் ஒரே தெருவாகிவிடும். அந்த லைனுக்குள் வேறு தெருக்காரர் ஒருவர் போனால் அவருக்கு நூல் மாற்றிக்கொடுக்கக்கூட ஆள் கிடைக்காது. கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளராகச் சேர்பவருக்கு மெஷினில் உட்கார எப்போது வாய்ப்பு வருகிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். சிலருக்கு ஆறு மாதத்திலும் சிலருக்கு மூன்று வருடம் ஆகியும் வராமலும் இருந்தால், திறமை என்ற விளக்கத்தை உடனே ஏற்காமல் யார் பழக்கிக்கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். பழகும் முறையைச் சூப்பர்வைசர் விருப்பத்திலிருந்து எடுத்து, சேர்ந்த தேதிப்படி வரிசை வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகத் தெரிந்தால் அது சமாதானம் பேசும் விஷயமே இல்லை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மற்றவர் பலர் அறிய அப்படித் திட்டினால், அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம்.

நான்காவது: வடக்கிலிருந்து வந்தவர்கள்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று ஐந்தாறு மாநிலத்தவரை ஒரே சொல்லில் ‘ஹிந்திக்காரர்கள்’ என்று முடித்துவிடுகிறோம். ஒடியா பேசுபவருக்கு ஹிந்தி அறிவிப்பு பாதிதான் புரியும், வங்காளிக்கும் அப்படியே. நெருப்பு, மின்சாரம், சம்பளம், புகார் ஆகிய நான்கைப் பற்றிய அறிவிப்புகள் மட்டுமாவது அவரவர் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அதையே ஒருவர் பேசி வாட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்பலாம். லைனில் அழைப்பதற்கு ‘பையா’, ‘பாய்’ வேண்டாம், பெயர் இருக்கிறது. எல்லோர் அடையாள அட்டையிலும் பெயரைத் தமிழிலும் பெரிதாக அச்சிட்டுக் கொடுங்கள்.

2023 மார்ச் மாதம் நடந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் மற்ற ஊர்களிலும் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார்கள். காவல்துறை ஹிந்தியில் விளக்கம் வெளியிட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து விசாரித்தது. வதந்தியை நிறுத்துவது உங்கள் கையில் இல்லை. ஆனால் அந்த வீடியோ வந்த இரவில் ‘இது உண்மையா?’ என்று கேட்டு ஒரு தொழிலாளி அழைக்கக்கூடிய உள்ளூர் எண் அவர் தொலைபேசியில் இருந்ததா இல்லையா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

விடுமுறைக் கணக்கும் இதில் சேரும். தீபாவளிக்கு நாலு நாள் லீவு விட்டுவிட்டு, பீகார் ஆட்கள் பத்து நாளாகியும் வரவில்லை என்று சூப்பர்வைசர்கள் குமுறுவார்கள். தீபாவளிக்கு ஆறாம் நாள் சத் பூஜை. பீகாரில் அதுதான் பெரிய பண்டிகை. ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து போகிறவர் அதை விட்டுவிட்டுத் திரும்பமாட்டார். ஒடிசாப் பெண்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை மூன்று நாள். ஜனவரியிலேயே இவற்றை உற்பத்தித் திட்டத்தில் குறித்துவிடுங்கள். ஓடிப்போனவர் பட்டியலில் போட்டு நாள் கூலியைப் பிடிப்பதைவிட இது சுலபம்.

சம்பளத்தைக் காண்ட்ராக்டர் கையில் கொடுத்துப் பிரித்துத் தரச் சொல்லும் வழக்கம் இருந்தால், அவரவர் வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் பதினெட்டு வயது நிரம்பியவர்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதற்கு வார்டனிடம் கெஞ்ச வேண்டிய நிலை இருந்தால் ‘பாதுகாப்புக்காக’ என்பார்கள். பாதுகாப்பு என்றால் துணைக்கு வண்டியும் அழைக்க ஓர் எண்ணும் கொடுங்கள், பூட்டு வேண்டாம்.

ஐந்தாவது: உள்ளகப் புகார்க் குழு

வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையை விசாரிக்கும் இந்தக் குழுவைப் பலரும் இன்னும் ‘விசாகா கமிட்டி’ என்றே சொல்கிறார்கள். 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் தந்த வழிகாட்டுதல்களிலிருந்து வந்த பெயர் அது. 2013-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு கட்டாயம். தலைவர் மூத்த பதவியில் இருக்கும் பெண். ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு பேர். வெளியிலிருந்து, பெண்கள் நலனில் ஈடுபட்ட தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரோ இந்தப் பிரச்சினையை அறிந்தவரோ ஒருவர். மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். நிரந்தர ஊழியர், காண்ட்ராக்ட், பயிற்சியாளர் என்ற வேறுபாடு கிடையாது.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அறிக்கை 10 நாளில். நிர்வாகம் 60 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். சமரசம் அந்தப் பெண் கேட்டால் மட்டும்தான். அதிலும் பணம் கொடுத்து முடிப்பதற்கு இடமில்லை. இதை முதலாளிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ‘ஏதாவது கொடுத்து அனுப்பிவிடுங்கள்’ என்பதுதான் வழக்கமாக வரும் முதல் யோசனை.

குழுவைக் காகிதத்தில் அமைப்பது அரை நாள் வேலை. முதலாளியின் மருமகள் தலைவர், அக்கவுண்டன்ட் உறுப்பினர், கணக்கு முடிந்தது. ஆனால் பேட்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், தன் லைன் சூப்பர்வைசரைப் பற்றி முதலாளி வீட்டு மருமகளிடம் வந்து சொல்வாரா? உறுப்பினர்களில் ஒருவராவது தையல் தளத்திலிருந்து, ஒருவராவது வெளிமாநிலப் பெண்களின் மொழி தெரிந்தவராக இருக்கட்டும். வெளி உறுப்பினரின் தொலைபேசி எண்ணைக் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ள வேறு இடம் கிடையாது. கேமரா கண்ணில் படும் இடத்தில் புகார்ப்பெட்டி வைப்பதும், வைக்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

குழு மட்டும் போதாது என்பதற்குத் திண்டுக்கல் சாட்சி. 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் மீதே கொலை வழக்கு. அதன் பிறகு 2022 ஏப்ரலில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான சங்கமும் அந்த ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. எச்&எம் உள்ளிட்ட பிராண்டுகளும் அதில் இணைந்தன. பெண் என்பதால் நடக்கும் வன்முறையோடு சாதியால் நடப்பதையும் பெயர் சொல்லி அந்த ஒப்பந்தம் குறிப்பிட்டது. நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு ஒன்று அதில் உண்டு: ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று தளத்திலேயே வேலை செய்யும் பெண்களைப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். கெட்ட வார்த்தை, உரசிப் போவது, தவறான பேச்சு ஆகியவை அங்கேயே, அப்போதே கவனிக்கப்படும். சங்கம் என்றாலே பயப்படும் முதலாளியிடம், இது பையர்களும் கையெழுத்திட்ட ஏற்பாடு என்று சொல்லிப் பாருங்கள்.

ஆறாவது: சூப்பர்வைசர்

மேலே சொன்ன எல்லாமும் லைன் சூப்பர்வைசரிடம் வந்து நிற்கும். அவரை வில்லனாக்கிவிட்டு நாம் நல்லவர்களாகிக்கொள்வது சுலபம். மணிக்கு இத்தனை பீஸ் என்று மேலிருந்து அவர் வாங்கும் திட்டைத்தான் கீழே இறக்குகிறார். ‘திட்டாமல் வேலை நடக்காது’ என்று அவர் உண்மையாகவே நம்புவார், ஏனென்றால் அவரும் திட்டு வாங்கித்தான் டைலரானார். ஒரு நாள் பயிற்சி வகுப்பில் இது மாறாது. மூன்று காரியங்கள் பலன் தரும். மணிக்கணக்கு இலக்கு தவறும்போது மேனேஜர் அவரை எல்லோர் முன்னிலையிலும் கத்தாமல் இருக்க வேண்டும். சம்பள உயர்வைப் பார்க்கும்போது பீஸ் கணக்கோடு, அவர் லைனிலிருந்து விலகியவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். பெண்கள் சூப்பர்வைசராக வர வேண்டும். லைனில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள், சூப்பர்வைசர் எல்லோரும் ஆண்கள் என்ற காட்சி திருப்பூரில் சர்வசாதாரணம். ‘பெண்கள் இரவு தங்கமாட்டார்கள்’ என்று காரணம் சொல்வார்கள். ஒரே நாளில் ஒன்றரை ஷிப்ட் வேலை வாங்கும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தாமல் சொல்லும் காரணம் அது.

ஏழாவது: இதுவரை வராதவர்களை வரவழைப்பது

இந்தப் படியைப் பலரும் முதலில் செய்கிறார்கள். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். 2017-இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தது நாடெங்கும் செய்தியானது. ஒரு மாதத்துக்குள்ளேயே சிலர் விலகினார்கள். வேலையில் குறை இல்லை. நகரத்தில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. கிடைத்த விடுதிகளில் நாள் வாடகை சம்பளத்தைத் தின்றது. திருநங்கை, திருநம்பிகளைச் சேர்க்கும் முன் தங்கும் இடம், வரும் வண்டி, கழிப்பறை, அடையாள அட்டையில் எந்தப் பெயர் என்பதை முடிவு செய்துவிடுங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் புகாரைக் கேட்க ஓர் அலுவலரையும் நியமிக்க வேண்டும். சேர்ந்த பிறகு ‘இவர் யார் தெரியுமா’ என்று ஆளாளுக்கு அறிமுகப்படுத்திக் கைதட்ட வேண்டாம். புதுச் செக்கர் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது; 21 வகைக் குறைபாடுகளை அது கணக்கில் கொள்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை விரிவாக எழுதி, தொடர்பு அலுவலரையும் குறிப்பிட வேண்டும். ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்று முதலில் சொன்ன அறிக்கைக்கு இங்கேதான் வேலை வருகிறது. செவித்திறன் குறைந்தவர்கள் தையலிலும் செக்கிங்கிலும் தேர்ந்தவர்களாக இருப்பதைப் பல ஆலைகள் கண்டிருக்கின்றன. அவர்களை எடுக்கும் முன் தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கையும் பொருத்துங்கள், கழிப்பறைக்குள்ளும் சேர்த்து. பக்கத்து மெஷின்காரருக்குப் பத்துப் பதினைந்து சைகைகளாவது தெரிந்திருக்க வேண்டும்: ஊசி உடைந்தது, நூல் அறுந்தது, ஆயில் கறை, நிறுத்து, சாப்பிடப் போகலாம்.

கருவுற்ற பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் என்பதெல்லாம் தெரிந்ததே. திரும்பி வரும் பெண்ணுக்கு அதே லைன், அதே மெஷின் காத்திருக்கிறதா அல்லது மறுபடி கைமடியா என்று பாருங்கள். திரும்பி வராததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

எட்டாவது: நடக்கிறதா என்று தெரிந்துகொள்வது

புகார் எதுவும் வரவில்லை என்று மகிழாதீர்கள். இருநூறு பேர் உள்ள இடத்தில் ஓராண்டு முழுக்கப் புகாரே இல்லை என்றால் புகார் கொடுக்கும் வழி அடைத்திருக்கிறது. முதல் ஆண்டில் புகார் கூடினால் முதலாளி பதறுவார். அது கூட வேண்டியதுதான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விலகியவர்களிடம் கேட்பதுதான் சரியான சோதனை. கடைசி நாளில், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, ‘ஏன் போகிறாய்?’ என்று கேட்டால் ‘ஊரில் வேலை இருக்கிறது’ என்பார்கள். முதலில் முழுக் கணக்கையும் முடித்து, பிஎஃப் தாள்களையும் கொடுத்துவிடுங்கள். பாக்கிப் பணம் இருக்கும்வரை யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, அவர் மொழி தெரிந்த ஒருவரை விட்டுத் தொலைபேசியில் பேசுங்கள். பதிலை லைன் எண்ணோடு அந்தப் பழைய நோட்டில் குறித்துவாருங்கள். ஒரே லைன் மூன்றாவது முறையாக வந்தால், மறுநாள் காலை எட்டரைக்கு அந்த லைனில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள்.